பதின்வயதினரின் தொடர் இடுப்பு மூட்டு வலி

பதின்வயதினரின் தொடர் இடுப்பு மூட்டு வலி என்பது, ஏறத்தாழ 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இடுப்பு மூட்டிலோ அதைச் சுற்றியோ சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது குறைந்து குறைந்து திரும்பவும் வரும் வலியைக் குறிக்கும். இது ஒரு நோயின் பெயர் அன்று. பல நோய்களுக்கும் காயங்களுக்கும் பொதுவான ஓர் அறிகுறி. தசைப்பிடிப்பு போன்ற எளிய காரணங்களால் வரும் வலி ஓய்விலேயே தீர்ந்துவிடும். ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்புக்கே உரிய சில கோளாறுகளும் இதே வலியாகத்தான் தொடங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது தொடை எலும்புத் தலை நழுவல். தொடக்கத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் ஒரு திருகாணியால் நிறுத்திவிடக்கூடிய இந்த நழுவல், 'சுளுக்கு' என்றும் 'முட்டி வலி' என்றும் நாள் கடத்தப்பட்டால் மூட்டை வாழ்நாள் முழுதும் பாதிக்கக்கூடும். ஆகவே இந்த வயதில் வரும் தொடர் வலியில், என்ன நோய் என்று அறிவதற்கு முன்பே, எது இல்லை என்று உறுதி செய்வது முக்கியமாகிறது.

வலி உணரப்படும் இடம்

பேச்சுவழக்கில் 'இடுப்பு' என்பது பெரும்பாலும் அரைஞாண் கட்டும் இடத்தைக் குறிக்கும். 'இடுப்பு வலி' என்றால் கீழ் முதுகு வலியையே பலரும் எண்ணுவர். மருத்துவத்தில் கூறப்படும் இடுப்பு மூட்டு அதற்குக் கீழே, தொடை உடலோடு சேரும் இடத்தில், தசைகளுக்கு அடியில் ஆழமாக அமைந்துள்ளது. அந்த மூட்டில் தோன்றும் வலி பெரும்பாலும் கவட்டிலும் தொடையின் முன்பக்கத்திலும் உணரப்படும். பிட்டத்தில் மட்டும் உணரப்படும் வலி கீழ் முதுகிலிருந்தோ, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலிருந்தோ வரக்கூடும்.

இதைவிடக் குழப்பம் தருவது முழங்கால் வலி. இடுப்பு மூட்டுக்கு உணர்வு தரும் நரம்புகளின் கிளைகள் முழங்காலுக்கும் செல்கின்றன. இதனால் மூட்டுக் கோளாறு மேலே இருக்க, வலி கீழே முழங்காலில் தெரியலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து 'எலும்பில் ஒன்றும் இல்லை' என்று அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையான கோளாறு இடுப்பு மூட்டில் இருப்பது பின்னரே தெரியவருகிறது. முழங்கால் வலி என்று வரும் ஒவ்வொரு வளரும் பிள்ளைக்கும் இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு ஆகும். தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தி நிற்கிறது. தலைக்குக் கீழே குறுகலான கழுத்துப் பகுதி உள்ளது. வளரும் வயதில் தலைக்கும் கழுத்துக்கும் இடையே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது இத்தட்டில்தான். வளர்ச்சி முடியும்போது இது எலும்பாக மாறி மறைந்துவிடும். அதுவரை எலும்பின் மற்றப் பகுதிகளைவிட இதுவே வலுக் குறைந்த இடம்.

தலைக்கு இரத்தம் செல்லும் நுண்ணிய குழாய்கள் பெரும்பாலும் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியே மேலேறுகின்றன. தலை திடீரென இடம் மாறினால் இக்குழாய்கள் இழுபட்டோ கிழிந்தோ போகலாம். இரத்தம் கிடைக்காத எலும்பு இறந்து, நாளடைவில் நொறுங்கித் தட்டையாகும்.

தொடை எலும்புத் தலை நழுவல்

வளர்ச்சித் தட்டின் வழியே தலையும் கழுத்தும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதே இந்நோய். கூம்பின் மேல் வைத்த ஐஸ்கிரீம் ஒரு பக்கமாகச் சரிவதை இதற்கு உவமையாகச் சொல்வதுண்டு. உண்மையில் தலை கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. கழுத்துத்தான் முன்னும் மேலுமாக நகர்ந்து வெளிப்புறம் திரும்புகிறது.

பெண்பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 13 வயதை ஒட்டியும் இது மிகுதியாக வருகிறது. உயரம் வேகமாகக் கூடும் காலம் அதுவே. ஆண்பிள்ளைகளிடம் சற்று அதிகம். உடற்பருமன் மிக முக்கியமான காரணி. தைராய்டு சுரப்புக் குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவையும் வளர்ச்சித் தட்டை வலுவிழக்கச் செய்கின்றன. 10 வயதுக்கு முன்போ 16 வயதுக்குப் பின்போ நழுவல் ஏற்பட்டால் இக்குறைபாடுகளுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்படும்.

பெரும்பாலான நழுவல்கள் மெதுவாக நிகழ்பவை. பெரிதாக விழுந்த நினைவு இருக்காது. சில வாரங்களாகவோ மாதங்களாகவோ கவட்டிலோ தொடையிலோ முழங்காலிலோ மந்தமான வலி இருக்கும். விளையாடிய பின் கூடும், ஓய்வில் குறையும். நடையில் சிறு நொண்டல் தெரியும். பாதம் வெளிப்புறம் திரும்பியபடி நடப்பர். குத்துக்காலிட்டு உட்காரும்போது அந்தப் பக்கத்து முழங்கால் நேரே மடங்காமல் வெளியே விலகும்.

இந்நோயை 'நிலையானது', 'நிலையற்றது' என இரண்டாகப் பிரிப்பர். அக்குள் கட்டையின் துணையோடாவது பிள்ளையால் நடக்க முடிந்தால் அது நிலையானது. துணையோடும் காலை ஊன்ற முடியாவிட்டால் நிலையற்றது. இவ்வகைப்பாடு 1993 இல் வெளியான ஓர் ஆய்வில் முன்வைக்கப்பட்டது. அந்த ஆய்வில் நிலையற்ற நழுவல் கொண்ட மூட்டுகளில் ஏறத்தாழ பாதியில் தலை எலும்பு இரத்த ஓட்டம் இழந்து சிதைந்தது. நிலையானவற்றில் ஒன்றில்கூட அவ்வாறு நேரவில்லை. நிலையான நழுவல் ஒரு சிறு சறுக்கலிலோ படியிறங்கும்போதோ நிலையற்றதாக மாறிவிடலாம். 'சுளுக்கு எடுப்பது', காலை இழுத்து நீவி விடுவது போன்றவை இந்நிலையில் ஆபத்தாவது இதனால்தான்.

பிற காரணங்கள்

பிய்ப்பு முறிவு: ஏறத்தாழ 14 முதல் 17 வயதில், தசைகள் இடுப்பெலும்போடு ஒட்டும் முனைகள் முழுதும் இணையாமல் இருக்கும். ஓட்டப்பந்தயத் தொடக்கத்திலோ கால்பந்தை ஓங்கி உதைக்கும்போதோ தசை சட்டென இழுத்து, அந்த முனையைப் பிய்த்துவிடும். 'டப்' என்ற உணர்வும் உடனடி வலியும் இதன் அடையாளம். தசைப்பிடிப்பு என எண்ணித் தொடர்ந்து ஓடினால் வலி நீடிக்கும்.

அழுத்த முறிவு: நெடுந்தொலைவு ஓடுபவர்களுக்கும், பயிற்சியைத் திடீரென அதிகரித்தவர்களுக்கும் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை போன்ற விரிசல் ஏற்படலாம். உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத விளையாட்டு வீராங்கனைகளிடம், குறிப்பாக மாதவிடாய் ஒழுங்கற்றோ நின்றோ போனவர்களிடம், இதன் வாய்ப்பு கூடுதல்.

கிண்ண உரசல்: தலை அல்லது கிண்ண விளிம்பின் வடிவம் சற்று மாறியிருப்பதால், தொடையை மடக்கும்போது இரண்டும் உரசிக்கொள்ளும். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாலும், ஆழமாகக் குந்தி எழுந்தாலும் கவட்டில் வலிக்கும். கிண்ணத்தைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையமும் இதனால் கிழியலாம்.

கிண்ணக் குறைவளர்ச்சி: கிண்ணம் ஆழமின்றி, தலையை முழுதும் மூடாமல் இருக்கும் பிறவிக் குறை. குழந்தைப் பருவத்தில் கவனிக்கப்படாமல் போனால் பதின்வயதில் வலியாகவும் களைப்பாகவும் வெளிப்படும்.

இரத்த ஓட்டம் குன்றிய எலும்புச் சிதைவு: நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களுக்கும் தொடை எலும்புத் தலை சிதையலாம். இந்த இரத்தசோகையின் மரபுப்பண்பு நீலகிரிப் பழங்குடியினரிடையே இருப்பது 1952 இல் கண்டறியப்பட்டது. அப்பகுதிப் பிள்ளைகளின் இடுப்பு வலியில் இதை மறக்கலாகாது. குழந்தைப் பருவத்தில் வரும் பெர்த்தெஸ் நோயும் இதே வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள் தொடங்கும் அந்நோய் விட்டுச்சென்ற வடிவக் குறை, பதின்வயதில் வலி தரலாம்.

தொற்றும் காசநோயும்: கடும் காய்ச்சலோடு, காலை அசைக்கவே விடாத வலி இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். காசநோய் இதற்கு மாறாக மெதுவாக வரும். நொண்டல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வலியால் விழித்தல், தொடைத் தசை மெலிதல் ஆகியவை மாதக்கணக்கில் வளரும். எலும்பு மூட்டுக் காசநோயில் முதுகெலும்புக்கு அடுத்தபடியாக இடுப்பு மூட்டே அதிகம் பாதிக்கப்படுகிறது.

மூட்டு அழற்சி: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகியிருந்து, நடமாடிய பின் இளகினால் இளம்பருவ மூட்டழற்சியை எண்ண வேண்டும். குதிகால் வலி, கீழ் முதுகு இறுக்கம், கண் சிவந்து வலித்தல் ஆகியவை உடன் வரலாம்.

கட்டிகள்: ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் புற்றுநோயல்லாத சிறு கட்டி இரவில் கூடும் வலியைத் தரும். அந்த வலி இபுபுரூஃபன் போன்ற வலிநீக்கியால் வியக்கத்தக்க அளவில் அடங்கும். எலும்புப் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் அரிதானவை. எனினும் ஓய்விலும் தணியாத வலி, வீக்கம், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவை அவற்றை நினைவூட்ட வேண்டும்.

'வளரும் வலி' பற்றிய தவறான எண்ணம்

'வளருகிற பிள்ளை, அப்படித்தான் வலிக்கும்' என்ற ஆறுதல் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுவது. வளரும் பருவ வலி என ஒன்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக்குள், இரண்டு கால்களிலும், மாலையிலோ இரவிலோ வந்து காலையில் முற்றிலும் மறைந்துவிடும். நொண்டல் இருக்காது. ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், பகலிலும் தொடர்ந்து, நடையை மாற்றும் வலி வளரும் வலி ஆகாது.

நோயறிதல்

மருத்துவர் முதலில் கேட்பவை எளிய கேள்விகளே. எப்போது தொடங்கியது? ஒரு விரலால் காட்டச் சொன்னால் எங்கே காட்டுகிறார்? விளையாட்டில் கூடுகிறதா, இரவில் கூடுகிறதா? காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? முன்பு நோய் உண்டா, என்ன மருந்து எடுக்கிறார்? இக்கேள்விகளுக்கான விடைகளே பட்டியலில் பாதியை நீக்கிவிடும்.

அடுத்து நடையைப் பார்ப்பர். வலியுள்ள காலில் மட்டும் நிற்கச் சொன்னால் எதிர்ப்பக்க இடுப்பு கீழே சரிகிறதா என்று கவனிப்பர். சரிந்தால் இடுப்பைத் தாங்கும் தசைகள் வலுவிழந்துள்ளன, அல்லது மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். பின்னர் மல்லாக்கப் படுக்கவைத்து இரு தொடைகளையும் மடக்கி, உட்புறமும் வெளிப்புறமும் திருப்பி ஒப்பிடுவர். தொடையை உட்புறம் திருப்பும் அசைவு குறைந்திருப்பது மூட்டுக்குள் கோளாறு இருப்பதற்கான நுட்பமான அடையாளம். மடக்கும்போது தொடை தானாகவே வெளிப்புறம் திரும்பினால் தலை நழுவலை வலுவாக ஐயுற வேண்டும்.

முதல் படம் எக்ஸ்ரேதான். இரண்டு இடுப்பு மூட்டுகளும் ஒரே படத்தில் விழும்படி முன்புறமிருந்து ஒன்றும், பக்கவாட்டுத் தோற்றம் தெரியும்படி தொடைகளை மடக்கி விரித்துத் தவளைக் கால் போல வைத்து இன்னொன்றும் எடுப்பர். தொடக்க நழுவல் முன்புறப் படத்தில் தெரியாமல் தப்பி, பக்கவாட்டுப் படத்தில் மட்டும் தெரியலாம். கழுத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு வரைந்தால், இயல்பான மூட்டில் அது தலையின் ஓரத்தை வெட்டிச் செல்லும். நழுவிய மூட்டில் வெட்டாமல் மேலே போய்விடும். இதற்குக் கிளைன் கோடு என்று பெயர். நிலையற்ற நழுவல் என்ற ஐயம் இருந்தால் தவளைக் கால் நிலைக்குக் கட்டாயப்படுத்தாமல் வேறு முறையில் பக்கவாட்டுப் படம் எடுப்பர்.

எக்ஸ்ரே இயல்பாக இருந்தும் வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படும். நழுவலுக்கு முந்தைய நிலை, அழுத்த முறிவு, தொடக்கநிலை எலும்புச் சிதைவு, காசநோய் ஆகியவற்றை அது முன்கூட்டியே காட்டும். மூட்டில் நீர் கோத்துள்ளதா என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டும். காய்ச்சல் இருந்தால் வெள்ளை அணுக்கள், சிவப்பணுப் படிவு வேகம், சி-ரியாக்டிவ் புரதம் ஆகியவற்றுக்கு இரத்தம் பரிசோதிக்கப்படும். தேவைப்பட்டால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கிருமி தேடுவர்.

சிகிச்சை

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. காரணம் அறியாமல் வலிநீக்கி கொடுத்துக்கொண்டே இருப்பது வலியை மறைக்குமே தவிர நோயை நிறுத்தாது.

தலை நழுவல் உறுதியானால் அந்த நிமிடத்திலிருந்து காலை ஊன்றக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பிறகு வரலாம் என்பதற்கு இடமில்லை. சக்கர நாற்காலியிலோ படுக்கையிலோ வைத்து மருத்துவமனையில் சேர்ப்பதே முறை. தோலில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கழுத்தின் வழியாகத் தலைக்குள் ஒரு திருகாணி செலுத்தப்படும். நிலையான நழுவலில் தலையைப் பழைய இடத்துக்குத் தள்ள முயல்வதில்லை. தள்ளினால் இரத்தக் குழாய்கள் சேதமடையலாம். இருக்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் நோக்கம். பின் சில வாரங்கள் அக்குள் கட்டையோடு நடந்து, வளர்ச்சித் தட்டு மூடும்வரை காலமுறைப்படி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நிலையற்ற நழுவல் அவசர அறுவைச் சிகிச்சைக்குரியது. மிகுதியாக நழுவிய மூட்டுகளுக்குத் தேர்ந்த மையங்களில் எலும்பை வெட்டிச் சீரமைக்கும் அறுவைகளும் செய்யப்படுகின்றன.

ஒரு பக்கம் நழுவியவர்களில் கணிசமானோருக்கு மறுபக்கமும் நழுவுகிறது. பெரும்பாலும் இது முதல் நழுவலுக்குப் பிந்தைய ஒன்றரை ஆண்டுக்குள் நேர்கிறது. எனவே வயதில் மிக இளையவர்களுக்கும் ஹார்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கும் மறுபக்கத்திலும் முன்னெச்சரிக்கையாகத் திருகாணி பொருத்துவதுண்டு.

பிய்ப்பு முறிவுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. சில வாரங்கள் ஓய்வும், பின்னர் படிப்படியான பயிற்சியும் போதும். துண்டு வெகுதூரம் விலகியிருந்தால் மட்டுமே அறுவை பற்றி எண்ணுவர். கழுத்தின் அடிப்பக்கத்து அழுத்த முறிவு ஓய்வில் ஆறும். மேல்பக்கத்து விரிசல் முழு முறிவாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதால் திருகாணி தேவைப்படும். உணவையும் சீராக்காமல் இது முழுதும் தீராது.

கிண்ண உரசலுக்கு முதலில் இயன்முறைப் பயிற்சி. இடுப்பு, வயிற்றுத் தசைகளை வலுப்படுத்தி, ஆழமாகக் குந்துவதைக் குறைத்தால் பலருக்கு வலி தணியும். தணியாதவர்களுக்கு மூட்டு உள்நோக்கி அறுவை உண்டு. கிண்ணக் குறைவளர்ச்சிக்கு, கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டித் திருப்பித் தலையை நன்கு மூடச் செய்யும் அறுவை முறையைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 1980களில் உருவாக்கினர்.

சீழ் பிடித்த மூட்டு ஓர் அவசர நிலை. அறுவையால் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி தரப்படும். காசநோய்க்குப் பல மாதங்கள் கூட்டு மருந்து தேவை. இந்தியாவில் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இம்மருந்துகள் இலவசம். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டால் நோய் திரும்புவதோடு மருந்துக்கும் அடங்காமல் போகலாம். மூட்டழற்சிக்கு வலிநீக்கிகளோடு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற நோயெதிர்ப்புச் சீராக்கிகள் தரப்படுகின்றன. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவை ஸ்கேன் வழிகாட்டுதலில் ஊசி செலுத்தி, கதிரலை வெப்பத்தால் எரித்துவிடலாம்.

பள்ளியும் விளையாட்டும்

நீண்ட சிகிச்சை பெறும் மாணவருக்குத் தரைத்தள வகுப்பறை, பாடப்புத்தகங்கள் இரண்டு படிகள், கழிப்பறையில் உயர்ந்த இருக்கை போன்ற சிறு ஏற்பாடுகள் பெரிதும் உதவும். விளையாட்டுக்குத் திரும்பும் நாளை நாட்காட்டி முடிவு செய்வதில்லை. வலியின்றி நடத்தல், முழு அசைவு, இரு கால்களிலும் சம வலு, எக்ஸ்ரேயில் ஆறிய அடையாளம் ஆகியவையே முடிவு செய்கின்றன. உடற்பருமன் காரணமாக இருந்தால் எடையைக் குறைப்பதும் சிகிச்சையின் பகுதியே. ஆனால் அதைக் கேலியாகவோ பழியாகவோ சொல்வது பிள்ளை வலியை மறைக்கவே வழிவகுக்கும்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அன்றே எலும்பு மருத்துவரோ மருத்துவமனை அவசரப் பிரிவோ பார்க்க வேண்டும்.

- காலை ஊன்றவே முடியாமை
- காய்ச்சலோடு கூடிய கடும் இடுப்பு மூட்டு வலி
- ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தவருக்கு, சிறு சறுக்கலுக்குப் பின் வலி திடீரெனக் கூடுதல்
- மறுபக்க இடுப்பில் ஏற்கெனவே திருகாணி பொருத்தப்பட்டவருக்குப் புதிய வலி

நொண்டல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், இரவில் வலியால் விழித்தாலும், எடை காரணமின்றிக் குறைந்தாலும், விளையாட்டு வலி இரண்டு வார ஓய்விலும் தணியாவிட்டாலும் தள்ளிப்போடாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நடக்க முடிகிறதே என்பது மூட்டு நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. நிலையான நழுவல் உள்ள பிள்ளைகளும் நடந்துதான் மருத்துவமனைக்கு வருகின்றனர்.